மருந்துச் சன்னலின் இரண்டாவது வரி

ஏரிக்கரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மருந்தாளுநராய் அரும்பணியாற்றி, இன்று பணிநிறைவு பெறும் திருமதி ஜெபசெல்வி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் பாராட்டு மடல்.

மாசறு மனத்தினரே! மருந்தறிந்து மனமும் அறிந்த மாண்பினரே! கருவுற்றவள் கையில் கண்டறியாத மாத்திரை ஒன்றைக் கண்டால் கட்டடமே அதிரக் குரல் கொடுக்கும் எங்கள் அக்காவே! வணக்கம்.

புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரியும். ஆகவே இனி அவையோரிடம் பேசுகிறோம். நீங்கள் காதில் விழாதவர்போல் உட்கார்ந்திருங்கள்.

அவையோரே! ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் முந்தானையில் மாத்திரை முடிந்து போவது இவ்வூர் வழக்கம். இடுப்பு நோகிறது என்று ஒருத்தி சொன்னால் போதும், இன்னொருத்தி முடிச்சவிழ்த்து ஒன்றைத் தருவாள். வாங்குகிறவளுக்கு ஏழாம் மாதமா, அவள் பால் கொடுக்கிறவளா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பாழும் பழக்கத்தோடு அக்கா ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். "முடிச்சப் பிரி, இன்னா வெச்சிருக்கேனு பாக்கலாம்" என்பதுதான் மருந்து தரும் சன்னலில் அவருடைய நல்வரவு. "வயித்துல புள்ள இருந்தா கேக்காம எந்த மாத்திரையும் போடாதே" என்று அட்டையில் எழுதியும் தொங்கவிட்டார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதம், வலிப்பு மாத்திரைக்குத் தவறாமல் வருகிற வினோதினி வரவில்லை. நான்கு மாதக் கர்ப்பிணி. அக்கா பதிவேட்டை மூடிவைத்து, ஆட்டோ பிடித்துக் கரைக்கு ஓடினார். இடுப்பளவுத் தண்ணீரில், இறால் போடும் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு வினோதினி குனிந்து தடவிக்கொண்டிருந்தாள். அங்கே வலிப்பு வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அக்கா செருப்போடு இறங்கி அவளைக் கரையேற்றினார். முந்தானை முடிச்சில் பத்து நாள் மாத்திரை பிரிக்காமலே இருந்தது.

"இன்னாத்துக்குமா நிறுத்தினே?"

"புள்ளைக்கு ஆகாதோன்னு பயம்க்கா. கேட்டா நீங்க திட்டுவீங்க. அதான் கேக்காமலே நிறுத்திட்டேன்."

அடங்காத குரலுக்கு அன்று கிடைத்தது அடி. அக்கா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். "தப்பு உன்னுது இல்லமா, என்னுது" என்றார்.

அதே ஆட்டோவில் அவளை மருத்துவரிடம் கூட்டிவந்தார். மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை மறுபடி தொடங்கியது. பிரசவம் வரை வினோதினி தண்ணீரில் இறங்கவில்லை. பெண் குழந்தை பிறந்ததும், மாத்திரை போடுகிறவள் பால் கொடுக்கலாகாது என்று ஊரார் மிரட்டினார்கள். மருத்துவரைக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போன அக்கா, "தாராளமா குடு" என்றார். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டும் என்றபோது, வலிப்பு மாத்திரைகளில் சில, கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும் என்று கணவன் சந்தோஷையும் உட்காரவைத்து விளக்கி, ஏற்ற வழியை மருத்துவரிடமே கேட்கவைத்தார்.

அட்டையில் இரண்டாவது வரி ஏறியது, அக்கா சேற்றில் அழுத அந்த வாரம்தான்: "போட்டுக்கினு இருக்கிறதக் கேக்காம நிறுத்தாதே. கேட்டா திட்டமாட்டேன்." சொன்னபடியே நடந்தார். திட்டெல்லாம் எங்களுக்குத்தான் மிச்சம்!

போன வாரம் வினோதினி சன்னலுக்கு வந்தாள். யாரும் சொல்லாமலே முடிச்சைப் பிரித்து வைத்தாள்.

"அக்கா, இன்னொரு புள்ள வேணும்னு நெனைக்கிறோம். இன்னும் நாள் தள்ளல. மாத்திரைய மாத்தணுமானு முன்னாடியே கேக்க வந்தேன்."

கட்டடத்தை அதிரவைக்கும் அந்தக் குரல், "நல்லா கேட்டேமா" என்று தணிந்து வந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

அன்பின் அக்காவே! இனி உங்களிடமே பேசுகிறோம். நோயணுகா உடலும் நிறைவான நெஞ்சமும் கொண்டு, பேரப்பிள்ளைகளைத் திட்டியும் கொஞ்சியும் நூறாண்டு வாழுங்கள். இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். நினைவாக அந்த அட்டையையும் கேட்டீர்கள். மன்னியுங்கள், அதைத் தரமாட்டோம். நாளைக்கும் யாராவது ஒருத்தி பயந்துகொண்டே அந்தச் சன்னலுக்கு வருவாள்.

என்றும் உங்கள் திட்டுக்கு ஏங்கும்,
மருத்துவர், செவிலியர், பணியாளர் அனைவரும்.