காற்றுப் புகாத பீப்பாய்

— அந்தக் குழாயை விடுங்க, மனீஷா அப்பா. இன்னொரு கோழியும் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு.

— எது?

— மொட்டைக்கழுத்து. நேத்துகூட என் கையைக் கொத்துனா. இப்போ மடியில தூக்கி வெச்சாலும் கண்ணைத் திறக்க மாட்டேங்குறா.

— பாரு ஷரோஃபத், தண்ணியாத்தான் இருக்கும். ராத்திரி உறைஞ்சுபோய் தாகத்துல சோந்திருக்கும். தண்ணி பாட்டிலைச் சுத்தி ஆட்டு ரோமம் கட்டியிருக்கேன் பாரு, இனிமே உறையாது.

— காலையில நானே வெதுவெதுன்னு ஊத்துனேன். வாய் வைக்கல.

— அப்போ குளிர்.

— சரி போங்க. பனியில நின்னு முட்டை போடுற ஜாதிக்குக் குளிராம்!

— தீனிக் குழாய்லயும் குறை இல்லையே. பாரு, மேல கொட்டுனா கீழ அளவா வந்து நிக்குது. ஒரு மணி சிந்தல. கழிவுக் குழாயை இப்படி வளைச்சு வெட்ட இந்த ஊர்ல எவனுக்கு வரும்?

— எவனுக்கும் வராது. குழாயை நான் ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள வர்ற கோதுமையை மோந்து பாத்தீங்களா?

— எனக்கு மூக்கடைப்பு.

— ஆமா, பத்து வருஷம் சிமெண்டை மோந்த மூக்கு. பீப்பாயைத் திறங்க, நான் மோந்துக்கிறேன்.

— திறக்க வராது. அடியில இருக்கிற துளை வழியாத்தான் எடுக்கணும். மூடியைச் சுத்தி நுரை அடிச்சு அடைச்சுட்டேன்.

— என்ன நுரை?

— மாஸ்கோவுல ஜன்னல் சந்துக்கு அடிப்போமே, அது. எலி பாதியைத் தின்னுடுச்சுன்னு போன வருஷம் நீதானே போன்ல அழுத? இப்போ எறும்பு நுழையட்டும் பாக்கலாம்! இந்தக் குர்பான் அடைச்ச ஜன்னல்ல ஒரு இழை காத்து போனதில்ல.

— கோதுமைக்கும் ஃபிளாட் கட்டிக் குடுத்துட்டீங்க.

— கிண்டல் பண்ணாத.

— களத்துல மழை பிடிச்சுதே, அந்த மூட்டைங்களை எப்போ கொட்டுனீங்க?

— மறுநாள்.

— காய வைக்காமலா?

— மேல தொட்டுப் பாத்தேன், காஞ்சுதான் இருந்துச்சு. எலி வந்துடுமேன்னு பதறிட்டேன்.

— இந்தாங்க கத்தி. நுரையை அறுங்க.

— இரு, இறுகிப் போயிருக்கு... வருது... யா அல்லா!

— உள்ள கையை விடுங்க.

— சூடா இருக்கு ஷரோஃபத். சாணிக் குப்பைக்குள்ள விட்ட மாதிரி.

— அள்ளுங்க, வெளிச்சத்துல காட்டுங்க. பச்சையா பூத்துக் கட்டி கட்டியா இருக்கு. இதைத்தான் தினம் ஒரு மணி சிந்தாம ஊட்டியிருக்கோம்.

— ஊட்டுனது நான். நீ உன்னைச் சேத்துக்காத. பாரு, மேல் அடுக்கை வழிச்சு எறிஞ்சுட்டா...

— இத்தனை நாளா அடியிலேர்ந்துதானே எடுத்தோம்?

— கழுவி வெயில்ல போட்டா?

— எங்க இருக்கு வெயில்?

— துஷான்பேலேர்ந்து தீனி...

— கணவாய் மூடிக் கிடக்கு. பனி உருகுனாத்தான் லாரி வரும்.

— அதுவரைக்கும் நம்ம மாவைக் கொஞ்சம்...

— வசந்தத்துல நவ்ரூஸ் பண்டிகை வர்ற வரைக்கும் நம்ம ரொட்டிக்கே அது எட்டாது. கோழிக்குப் போட்டுட்டு மனீஷாவுக்கு எதைச் சுட்டுக் குடுக்க?

— அப்போ மிச்சக் கோழிங்களை அறுத்துடவா?

— பூஞ்சணம் தின்னு சீக்கான கறியைப் பிள்ளைக்கு ஆக்கவா?

— சரி. நான் திரும்ப ரஷ்யாவுக்கே போறேன். தம்பி பாஸ்போர்ட்ல போயிடுவேன்.

— எல்லையில விரல் ரேகை எடுக்குறாங்க. அஞ்சு வருஷம் கால் வைக்கக் கூடாதுன்னு முத்திரை குத்தித்தானே உங்களை அனுப்புனாங்க? மாட்டுனா ஜெயில்தான்.

— அப்புறம் எதைத் தின்னு பிழைக்க? இந்தக் கோழி வளர்ப்பு நிலைச்சு நின்னுட்டா நம்ம வீட்டுலேர்ந்து இனிமே யாரும் அங்க போக வேண்டாம்னுதானே இத்தனையும் கட்டுனேன்?

— நான் போறேங்க. மாஸ்கோவுல எங்க அக்கா வேலை பாக்குற சமையல்கூடத்துல பாத்திரம் கழுவ ஆள் வேணுமாம். கணவாய் திறந்ததும் முதல் வண்டி. மனீஷாவை நீங்க பாத்துக்கோங்க.

— ஒரு பீப்பாய் கோதுமை கெட்டதுக்கா? நின்ன நிலையில இப்படி ஒரு முடிவா?

— இல்லைங்க. பாஸ்போர்ட்டுக்கு நான் போட்டோ எடுத்தது கோடையில. கோழியெல்லாம் கூடை நிறைய முட்டை போட்டுக்கிட்டிருந்தப்போ.