டயலின் பின்பக்கத்துத் தேதி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, பழைய தொலைபேசிகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் சங்கத்து நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நாம் காதுக்காரர் என்று கூப்பிட்ட அண்ணன் போய்விட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தோம். டயலில் விரலை விட்டுச் சுழற்றுவார். அது திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டே எந்த ஆண்டுச் செட் என்று சொல்வார். சொன்ன பிறகும் திருப்புளியை எடுத்து அடித்தகட்டைக் கழற்றுவார். "காது சொல்லும். ஆனா தேதி உள்ளதான் இருக்கு" என்பார். டயலின் பின்பக்கம், மணிக் கிண்ணத்தின் அடி, ரிசீவரின் உட்புறம், எல்லாவற்றிலும் பொறித்த தேதிகள் ஒத்துப்போனால்தான் சீட்டில் 'அசல்' என்று முத்திரை விழும்.

நம் தலைவரே ஒருமுறை ஆசை ஆசையாக ஒரு கறுப்புச் செட்டைக் கொண்டுவந்தார். அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, "உடம்பு ஒரு வீடு, தலை ஒரு வீடு. ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அசல்னு குத்த மாட்டேன்" என்றார். தலைவர் இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

நேர்மையானவர், நேர்மையானவர் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சொன்னீர்கள். 'அந்த ஒரு சறுக்கலைத் தவிர' என்றும் ஒருவர் சொன்னார். அந்தச் சறுக்கல் யாருடையது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கண்காட்சிக்கு முதல் நாள். விற்பனைக்கு வைக்க வேண்டிய ஒரு பச்சைச் செட். இன்றைய லைனில் வேலை செய்யும்படி வயரிங் மாற்றுவது என் பொறுப்பு. டயலைக் கழற்றும்போது கை தவறி, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சக்கரத்தை உடைத்துவிட்டேன். சொல்ல வெட்கம். அலமாரியில் கிடந்த வேறொரு டயலைப் பொருத்தினேன். பன்னிரண்டு ஆண்டு பிந்தியது. தகட்டை மூடி அவர் முன்னால் வைத்தேன். அண்ணிக்கு உடம்பு முடியவில்லை; அண்ணன் மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

"உள்ள பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்ணே. எல்லாம் ஒத்துப்போகுது."

டயலைச் சுழற்றிக்கூடப் பார்க்கவில்லை. என் வாய்ச்சொல் போதும் என்று முத்திரை குத்தினார்.

வாங்கியவர் பிரித்துப் பார்த்துவிட்டுச் செட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். இதே கூடத்தில் அண்ணனை நிறுத்திக் கேட்டீர்கள். "திறந்து பாக்காம குத்திட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அவரிடமிருந்து முத்திரையை வாங்கி யாரிடம் கொடுத்தீர்கள்? என்னிடம். கைதட்டிக் கொடுத்தீர்கள். நானும் கைநீட்டி வாங்கினேன். என்ன மனுஷன் நான்!

அன்று முதல் செட்டைப் பார்த்துச் சொல்வது அவர், முத்திரை குத்துவது நான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அண்ணே, அந்தப் பச்சை செட்டு..." என்று ஆரம்பித்தேன். "விடுப்பா. நான் திறந்து பாத்திருக்கணும்" என்றார். விட்டுவிட்டேன். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

அண்ணி, போன வாரம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கேட்டீர்கள். "கடைசி வரைக்கும் அந்த ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு நான் படுக்காம இருந்திருந்தா திறந்து பாத்திருப்பாருல்ல? என்னாலதானா தம்பி?" நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். உங்களால் இல்லை அண்ணி. அவராலும் இல்லை. என்னால்.

அன்னார் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். தொடரத்தான் வேண்டும். ஆனால் முத்திரை என் கையில் இருக்கக் கூடாது. இதோ, மேசைமேல் வைக்கிறேன். பச்சைச் செட்டும் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக என் இழுப்பறையில் ஒளித்துவைத்திருந்த உடைந்த டயலும் இருக்கிறது. 'டயலை மாற்றியவர், மறைத்தவர், வயரிங் செய்தவரே' என்று புதுச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தலைவர் அவர்களே, இந்த முறையும் என் வாய்ச்சொல்லை நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் அண்ணனுடைய திருப்புளி இருக்கிறது. அண்ணி பார்க்கும்படி, திறந்து தேதியைப் படியுங்கள்.