கதவைத் தட்டுகிறவர்

பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"அவரு ரொம்ப ரெஸ்பெக்ட் குடுக்குறாருக்கா. அதான் தாங்கல."

"புருஷன் மரியாதை குடுத்தா கசக்குதா ஒனக்கு?"

"துபாய் ஹோட்டல்ல பன்னெண்டு வருஷம் ரூம் ரூமா பெட்டு விரிச்சவரு. ஊரோட வந்து மூணு மாசமாச்சு. இன்னமும் எங்க ரூமுக்குள்ள வர்றதுக்குக் கதவத் தட்டிட்டு நிக்கிறாரு. சோறு வச்சா தேங்க்ஸ்ங்குறாரு."

"தட்டாம வாங்கன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

பஸ் கல்லணைக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியது. அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"சொல்லணும்னுதான் உக்காந்திருப்பேன். தட்டுற சத்தம் கேட்டதும் சேலைய சரிபண்ணிக்கிட்டு எந்திரிச்சு நின்னுடுறேன்க்கா, யாரோ விருந்தாளி வந்த மாதிரி."