அத்திம்பேர் ஓட்டிய விமானம்

எங்கள் வீட்டு மிக்ஸியில் சட்னி அரைத்து ஆறு மாதம் ஆகிறது. என் மனைவி விஜயலக்ஷ்மி பக்கத்து ஃபிளாட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வருகிறாள், பாவம். அவள் தம்பி சுரேந்திரன் எங்கள் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எப்படி விழுந்தான் என்று கேட்டால் இவன் மிக்ஸியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். மிக்ஸியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுதான் எஞ்சின்.

மும்பை மாட்டுங்காவில் திருவேங்கடம் என்றால் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் குண்டுவீச்சு விமானத்தின் கேப்டன். கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைத்து, முகத்தில் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் இரண்டாம் உலகப் போரின் வானம் தலைக்கு மேல் விரியும். எந்தெந்த ஊரிலோ இருப்பவர்களெல்லாம் பக்கத்தில் பறப்பார்கள். விளையாட்டு என்ற சொல் எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று இந்த ஒருமுறை சொல்லிவைக்கிறேன்.

வெறும் நாற்காலியில் உட்கார்ந்து பறக்கிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் தாராவியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சொரிமுத்துவைப் பிடித்தேன். பழைய பஸ் சீட்டுகள் இரண்டை ஒரு இரும்புச் சட்டத்தில் முதுகோடு முதுகாகப் பொருத்திக் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் மிக்ஸியைக் கட்டி, ஸ்விட்சைக் கால் பக்கம் வைத்தேன். ஒன்றில் வைத்தால் ரன்வேயில் ஓடும், மூன்றில் வைத்தால் மேகத்துக்கு மேலே போகும். முகத்துக்கு நேரே டேபிள் ஃபேன். ஆஹா, முதல் நாள் அது கிளம்பியபோது எனக்குப் பல்லெல்லாம் ஆடியது. சந்தோஷத்தில் ஒரு பாட்டே பாடிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு காலை கிடைப்பது சாதாரண விஷயமா?

பின்சீட்டுக்கு ஆள் வேண்டும். கோபர்கைரனேயிலிருந்து ஞாயிறுதோறும் சாப்பிட வரும் சுரேந்திரனைத் துப்பாக்கிக்காரனாகச் சேர்த்துக்கொண்டேன். நல்ல பையன், முப்பது வயது, எதையும் உடனே நம்புவான். பின்சீட்டுக்கு அதுதான் முக்கியம். அங்கே இருப்பவனுக்கு வாலும் வானமும்தான் தெரியும். முன்னால் எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்று கேப்டன் சொன்னால்தான் உண்டு.

அவனுக்கென்று வாங்கிய விஆர் கண்ணாடியை ஹால் சோபாவிலேயே மாட்டிவிடுவேன். காதில் ஹெட்போன், முதுகில் பாராசூட் பை. பிறகு கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு அழைத்துப் போய் விமானத்தில் ஏற்றுவேன். போருக்குப் போகிறவன் கண்ணில் கொடியில் காயும் துண்டு படலாமா?

குதிக்கவும் பழக்கியிருந்தேன். "குதி" என்று கேப்டன் சொன்னதும் பெல்ட்டைக் கழற்றி, வலது பக்கம் திரும்பி, கட்டிலின் கால்மாட்டுப் பலகை மேல் ஏறி அந்தப் பக்கம் பாய வேண்டும். மெத்தையில் விழுவான், ஃபேன் காற்று முகத்தில் அடிக்கும். யோசிக்கக் கூடாது என்பதுதான் விதி. பாவம், குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே குதிப்பான். "ஏன்னா, ஞாயித்துக்கிழமை ஒருநாள் வரான், நிம்மதியா சாப்பிட விடுங்கோளேன்" என்பாள் விஜயலக்ஷ்மி. ஆனால் அவளும் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். நாங்கள் மூவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. கடலுக்கு மேல் எங்களை எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். பின்னாலிருந்து நறநறவென்று சத்தம். வாழைக்காய் வறுவல், சார். மைக் திறந்திருக்கிறது, படை முழுவதும் கேட்கிறது. சுடு என்று அதட்டினேன்.

"ஜானே தோ, விடுங்கோ அத்திம்பேர், கேம்தானே. செத்தா என்ன, ஒரு பட்டன் அமுக்கினா திரும்ப வந்துடலாம்."

செத்தோம். அவன் பட்டனை அமுக்கினான், திரும்பி வந்தான், வறுவலைத் தொடர்ந்தான்.

அது கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் லூதியானாவில் இருக்கும் ஒரு சர்தார், "ரோஜர், அத்திம்பேர்" என்றார். புனேக்காரன், "குட் மார்னிங், அத்திம்பேர்" என்றான். அக்கா புருஷன் என்ற அர்த்தம் தெரியாமலே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் பாடுபட்டு வாங்கிய கேப்டன் பட்டம் ஒரு வறுவல் பொட்டலத்தோடு போய்விட்டது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. உண்மையான போரில் யாராவது கேப்டனை அத்திம்பேர் என்று கூப்பிடுவார்களா, அவ்வளவுதான் என் கவலை. சாவுக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டும் என்றும் தோன்றியது.

சொரிமுத்துவை வரச் சொல்லி இரும்புச் சட்டத்துக்குச் சக்கரம் வைக்கச் சொன்னேன். "சக்கரம் எதுக்கு சார்? வீட்டுக்குள்ள வண்டி ஓட்டப் போறியளோ?" என்று கேட்டார். பெருக்கித் துடைக்க வசதியாக இருக்கும் என்றேன். அப்படியே எங்கள் படுக்கையறை ஜன்னல் கிரில்லில் துரு ஏறியிருப்பதைக் காட்டினேன். கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனார். பழைய கட்டிடம், தாழ்வாக இறங்கும் பெரிய ஜன்னல். அதன் திட்டும் கட்டிலின் கால்மாட்டுப் பலகையும் ஒரே உயரம். சொரிமுத்துவே அளந்து சொல்லி ஆச்சரியப்பட்டார்.

போன ஞாயிறு காலை விஜயலக்ஷ்மி கிங்ஸ் சர்க்கிளுக்குப் பூ வாங்கப் போயிருந்தாள். நான் விமானத்தைச் சக்கரத்தில் அரைவட்டம் திருப்பி வைத்தேன். இப்போது சுரேந்திரனின் இடது பக்கம் கட்டில், வலது பக்கம் ஜன்னல். ஃபேனை இடம் மாற்றத் தேவையே ஏற்படவில்லை, வெளியிலிருந்தே அருமையான காற்று வந்தது.

ஹாலில் கண்ணாடி மாட்டினேன். கையைப் பிடித்து அழைத்து வந்தேன். மிக்ஸி மூன்றுக்குப் போனது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறினோம். அதைவிட அழகான பறத்தல் எனக்குக் கிடைத்ததில்லை. "செம காத்து அத்திம்பேர், ஃபேன் புதுசா?" என்று கேட்டான். சும்மா சொல்லக் கூடாது, ரசனை உள்ளவன்.

பழைய ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றை ஊதுவத்தியில் வாட்டினால் வயர் எரியும் நாற்றம் அப்படியே வரும். வாட்டினேன். மிக்ஸியை நிறுத்தினேன். எஞ்சினில் தீ என்று அறிவித்தேன். பிறகு அந்த ஒரு வார்த்தை.

விதிப்படியே செய்தான். பெல்ட், வலது பக்கம், திட்டின் மேல் கால். சிரித்துக்கொண்டேதான் போனான். பை கூட ஒழுங்காகக் கட்டியிருந்தது, பஞ்சநாமா அறிக்கையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே பழைய போர்வைதான், ஆனால் மடிப்பு சரியான மடிப்பு.

கீழே இளநீர்க்காரன் கத்தினான். பிறகு காலிங் பெல் விடாமல் அடித்தது. நான் தரையிறங்கிக்கொண்டிருந்தேன், பாதியில் விட்டுவிட்டு எழ முடியாது. சக்கரம் ரன்வேயைத் தொட்டதே தெரியவில்லை. சர்தார் நெகிழ்ந்துபோய், "பியூட்டிஃபுல் லேண்டிங், அத்திம்பேர்" என்றார். இனிமேல் கேப்டன் என்றே கூப்பிடுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டேன். என்னை அத்திம்பேர் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான், அவன் குதித்துவிட்டான்.

விஜயலக்ஷ்மி பூப்பொட்டலத்தோடு கீழேயே உட்கார்ந்துவிட்டாளாம். எனக்கு வருத்தம்தான். மிக்ஸியை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

விமானம் தீப்பிடித்தால் கேப்டனும் குதிக்க வேண்டாமா, நீங்கள் ஏன் குதிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். விஷயம் தெரிந்தவர்தான் நீங்கள். நான் விதி மீறுகிற ஆள் இல்லை, சார். தேவையிருந்தால் நானும் குதித்திருப்பேன். ஆனால் விமானத்துக்கு ஒன்றுமே ஆகவில்லையே.