மிச்சம் ஒரு ஊசி

...அதைத்தான் சிஸ்டர் நானும் சொல்றேன், அந்தக் குடியிருப்பு நாலு மாடி. லிஃப்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல 'பழுது'ன்னு எழுதி ஒட்டின காகிதமே பழுதாப் போச்சு. ரெண்டு நாளா ஏறி இறங்கி, ஏறி இறங்கி, என் முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிச்சிடுச்சு. எதுக்கு? ஒரே ஒரு ஊசிக்கு. இருநூத்தி நாப்பது காய்ச்சல் தடுப்பூசி வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு, மருந்தோட சேந்தே வர்ற ஊசி. நம்ம வார்டுல நாப்பத்தஞ்சு வயசு தாண்டினவங்க இருநூத்தி நாப்பது பேரு. ரிஜிஸ்டர்ல இருநூத்தி நாப்பது டிக். எல்லாம் கச்சிதம். அப்புறம் அந்த ஐஸ் பெட்டிக்குள்ள ஒரு ஊசி மட்டும் ஏன் கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி தனியா உக்காந்திருக்கு?

நம்ம சுகாதார நிலையத்துக்கு வந்தாச்சு, உக்காருங்க சிஸ்டர், காலை நீட்டுங்க. நீங்க ரிஜிஸ்டரைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். பேசலைன்னா எனக்கு மூச்சு முட்டும். என் பொண்ணு வயசுதான் உங்களுக்கு, இருந்தாலும் அந்த வெள்ளைக் கோட்டைப் பாத்தா 'நீ'ன்னு கூப்பிட நாக்கு எழும்ப மாட்டேங்குது.

சூப்பர்வைசர் போன்ல பேசினதைக் கேட்டீங்கல்ல? மூக்குக்குள்ள ஈ புகுந்த மாதிரி ஒரு குரல். "ஒண்ணு, டிக் பொய். இல்லேன்னா, ஊசி பொய். ஊசி பொய் சொல்லாதும்மா. மூணு மணிக்கு நேர்ல வர்றேன். அடியில கையெழுத்து யாரோடது?" யாரோடதாம். உங்களோடதுதான். நான் வீடு வீடாப் போயி ஆள் பிடிச்சிட்டு வந்து டிக் போடறவ, நீங்க ஊசி போட்டுக் கையெழுத்துப் போடறவங்க. வேலைக்கு வந்து பதினஞ்சு நாள் ஆகல, பயிற்சிக் காலம் முடியல, அதுக்குள்ள உங்க பேர்ல ஒரு மெமோ. ஒரு ஆளை விட்டுட்டு, போட்டதா எழுதிட்டாங்கன்னு. நினைச்சா எனக்குச் சாப்பாடு எறங்கல. எறங்கிச்சு, ஆனா கஷ்டப்பட்டு எறங்கிச்சு.

எல்லாம் அந்தப் படத்தால வந்த வினை. அதோ, உங்க தலைக்கு மேல தொங்குதே, பதினேழு கட்டம், பதினேழு கலரு. உலகத்துல உள்ள நாடெல்லாம் ஒரு இடத்துல கூடி, ரெண்டாயிரத்து முப்பதுக்குள்ள இதையெல்லாம் முடிச்சிடணும்னு ஒத்துக்கிட்டாங்களாம். நீடித்த வளர்ச்சி இலக்குகள். மூணாவது கட்டம் நம்மளோடது. பச்சை, நெஞ்சுத்துடிப்புக் கோடு போட்டது. எல்லாருக்கும், எல்லா வயசுலயும் ஆரோக்கியம். கீழ பாருங்க, கொட்டை எழுத்துல. 'யாரும் விடுபடக் கூடாது.' எழுதினவங்களுக்கு என்ன, எழுதிட்டு விமானம் ஏறிட்டாங்க. யாரும்னா யாரு? நாலாவது மாடில கதவைத் திறக்காத லாரி டிரைவரையும் சேத்துதான் யாரும். அவங்க நாடு நாடா எண்ணுறாங்க, நான் செருப்பு செருப்பா எண்ணுறேன். வாசல்ல எத்தனை ஜோடி கிடக்குன்னு பாத்தாத்தான் உள்ள எத்தனை பேர் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறாங்கன்னு தெரியும்.

ஆறாவது கட்டம் சுத்தமான தண்ணி. அதை நம்ம கை கழுவற குழாய்கிட்ட யாராவது சொன்னாத் தேவலை. எட்டாவது கண்ணியமான வேலை. இந்த நாற்காலியோட ஒரு காலுக்கு நான் அட்டை மடிச்சு முட்டுக் குடுத்திருக்கேன். போன வருஷத்து விழிப்புணர்வு நோட்டீஸ்தான். நல்ல கனமான தாளு.

இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன், இந்த இருநூத்தி நாப்பது பேரைச் சேக்க நான் பட்ட பாட்டை எந்தக் கட்டத்துல எழுதுவாங்க? அந்த டிரைவரையே எடுத்துக்குங்க. பத்துச் சக்கர வண்டியை ஒத்தைக் கையால திருப்பறவரு. என்னைப் பாத்ததும் குரல் சின்னப் புள்ள மாதிரி ஆயிடுச்சு. "அக்கா... எனக்கு நாளைக்கு லோடு இருக்குக்கா... கை வீங்கினா ஸ்டியரிங் பிடிக்க முடியாதுக்கா." விட்டேனா? "உனக்கு இன்னொரு கை எதுக்குப்பா இருக்கு, டாட்டா காட்டவா?"ன்னு கேட்டேன். வந்துட்டாரு.

தையல் கடை அக்கா ஒரு படி மேல. வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கிட்டு, "ம்ம்... ம்ம்ம்... அளவு... ம்ம்." தினம் ஆயிரம் ஊசி பிடிக்கறவ, ஒரு ஊசிக்கு வாயைத் திறக்க மாட்டேங்கறா. "நீயே பயந்தா அந்தத் துணிங்க உன்னைப் பத்தி என்ன நினைக்கும்?"னேன். சிரிச்சதுல நாலு குண்டூசி கீழ விழுந்துச்சு, பொறுக்கிக் குடுத்துக் கையோட கூட்டிட்டு வந்தேன்.

பேக்கரிக்காரர் அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, அடித் தொண்டையில, "நான் நெருப்புகிட்டயே நிக்கறவன்மா. எந்தக் கிருமியும் என்னைத் தொடாது. தொட்டா வெந்துடும்." சரி, நீங்க வெந்துடாம இருக்கத்தான் கூப்பிடறேன், வாங்கன்னேன்.

எல்லாரையும் விட மோசம் ரிடையர் ஆன கணக்கு வாத்தியார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "கவனி. இருநூத்தி முப்பத்தொம்பது பேர் போட்டுக்கொண்டால், நோய் என்னிடம் வர வழியே இல்லை. ஆகவே எனக்குத் தேவையில்லை. நிரூபணம் முடிந்தது." நான் எட்டாங்கிளாஸ் பெயிலு சிஸ்டர். ஆனா நின்னு நிதானமாக் கேட்டேன், "சார், இதே கணக்கை இருநூத்தி நாப்பது பேரும் போட்டா?" கண்ணாடியைக் கழட்டிப் பையில போட்டாரு. அப்புறம் தானாவே சட்டைக் கையை மடிச்சு விட்டாரு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைப் பத்துத் தடவை நடிச்சுக் காட்டினேன்.

ரெண்டாவது மாடி மாமியாரும் மருமகளும் உண்டுல்ல? "மொதல்ல அவ போட்டுக்கட்டும்." "மொதல்ல அத்தை போட்டுக்கட்டும்." ரெண்டு பேர் காதுலயும் தனித்தனியா, "அவங்க போட்டுக்கிட்டாங்க, நீங்கதான் பாக்கி"ன்னு சொல்லிட்டேன். இங்க வாசல்ல வந்து முட்டிக்கிட்டப்போ திரும்பிப் போக ரெண்டு பேருக்கும் மானம் இடம் குடுக்கல.

இப்படி ஒவ்வொண்ணாப் புடிச்சது, ஒண்ணு எப்படி நழுவும்? அதான் நேத்துல இருந்து மறுபடி வீடு வீடாக் கேட்டோமே. எல்லாரும் போட்டாச்சு, போட்டாச்சுங்கறாங்க. டிரைவர் சட்டையை விலக்கி, "இந்தா பாருக்கா, ஊசி போட்ட இடம்"னு காட்டினது மச்சம். தையல்கார அக்கா தேதி, நேரம், அன்னைக்கு நீங்க போட்டிருந்த வளையல் கலரு எல்லாம் சொல்றா. வாத்தியார் எழுதியே வெச்சிருக்காரு. ஆக யாரும் விடுபடல. ஆனா ஊசி இருக்கு. பேய் வேலையா இருக்கும்.

ஒண்ணு பண்ணலாமா சிஸ்டர்? கை தவறி விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடுவோம். சின்னக் கண்ணாடிதான... அப்படிப் பாக்காதீங்க. சரி, பொய் வேண்டாம். இப்படி வெச்சுக்குவோம், பெட்டியில போடறப்பவே அங்க எவனோ தூக்கக் கலக்கத்துல ஒண்ணு சேத்துப் போட்டுட்டான்... என்ன, வந்தப்போ நாம ரெண்டு பேரும் சேந்து எண்ணினோமா? ஆமா, எண்ணினோம். நான்தான் சத்தமா எண்ணினேன். எனக்கு எதுக்கு இந்த வேண்டாத பழக்கம்.

ஏன் முதல் பக்கத்துக்குப் போறீங்க? தப்புன்னா கடைசிப் பக்கத்துல இருக்கும். அங்கதான் எல்லாருக்கும் கை வலிச்சுக் கண்ணு சொருகும். முதல் பக்கம் நல்ல தெளிவாத்தான் இருக்கு. அதுலயும் முதல் வரி, ஒண்ணாம் நம்பர் வீடு... அந்த வீட்டைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். ஒழுக்கமான குடும்பம். அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மத்தபடி தங்கம்.

அந்த டிக் மட்டும் ஏன் சிவப்பு மையின்னு கேக்கறீங்க.

...ஃபேன் ஓடுதா சிஸ்டர்? காத்தே வரலையே.

சொல்றேன். விரலை எடுங்க, சொல்றேன். முகாம் ஆரம்பிச்ச அன்னைக்குக் காலையில. ரிஜிஸ்டர் புதுசு, சிவப்புப் பேனாவும் புதுசு. பேனா எழுதுதான்னு ஒரு கிறுக்குக் கிறுக்கிப் பாத்தேன். உலகத்துல கிறுக்கிப் பாக்காதவங்க யாரு? அது போயி முதல் வரில விழுந்துச்சு. முதல் வரில இருக்கறது நான். விழுந்த டிக்கை அடிச்சா ரிஜிஸ்டர் அசிங்கமாயிடுமே, சாயங்காலம் நிஜமாவே போட்டுக்கிட்டா சரியாயிடும்னு விட்டுட்டேன். சாயங்காலம் கூட்டம். மறுநாள் மழை. அதுக்கு மறுநாள்... மறுநாள் ஒண்ணுமில்ல, நல்ல வெயில்தான். எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றியே, நீ போட்டுக்கிட்டியா?" "முதல் டிக்கே என்னுதுதான்"னு சொன்னேன். அதுல பொய் எங்க இருக்கு?

சிரிக்கறீங்களா? இல்லையா? உதடு அசைஞ்சுச்சே.

பயம்தான் சிஸ்டர். இப்படிச் சின்னதா ஒரு பயம் இல்ல, குடும்பத்தோட வந்து குடியேறின பயம். ஊசி முனையில அந்த ஒரு சொட்டு மினுக்கும் பாருங்க, அதைப் பாத்தா எனக்கு உள்ளங்கால்ல இருந்து ஜில்லுன்னு ஏறும். நீங்க போடறப்பல்லாம் நான் ரிஜிஸ்டரையே பாத்துக்கிட்டு இருப்பேனே, கடமை உணர்ச்சின்னா நினைச்சீங்க?

நேத்து மூணாவது மாடிப் படிக்கட்டுல நீங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அப்பவே சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். "எதுக்கும் அந்தப் பச்சைக் கதவு வீட்ல இன்னொரு தடவை கேட்டுடலாம்"னு வெளிய வந்துச்சு. என் வாய் என் பேச்சையே கேக்காது. ஆனா இன்னைக்குக் காலையில அவர் "கையெழுத்து யாரோடது"ன்னு கேட்டதும் நீங்க, "என்னுதுதான் சார்"னு சொன்னீங்க பாருங்க. என்னை ஒரு பார்வைகூட பாக்கல. டிக் போட்டது அவங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. அதுல இருந்துதான் எனக்குச் சாப்பாடு கஷ்டப்பட்டு எறங்குது.

அதனால மெமோ உங்களுக்கு வராது. மூணு மணிக்கு அவர் வந்ததும் நானே சொல்றேன், டிக் நான் போட்டது, ஊசி போடாமயே போட்டதுன்னு. எனக்கு மெமோ குடுக்கட்டும். இருபத்தோரு வருஷ வேலைக்கு ஒரு காகிதமும் குடுத்ததில்ல, இதாவது குடுக்கட்டும்.

எங்க எந்திரிக்கறீங்க? பெட்டியை எதுக்குத் திறக்கறீங்க? இல்ல சிஸ்டர், இப்பவேவா? பாருங்க, எனக்கு நாளைக்கு நாலு மாடி பாக்கி, கை வீங்கினா டிக் எப்படிப் போடறது... அது டிரைவர் சொன்னதா? இல்ல, நான் சொல்ல வந்தது வேற. இருபத்தோரு வருஷமா நோயாளிங்க நடுவுலயே நிக்கறவ நான், எந்தக் கிருமியும் என்கிட்ட... அது பேக்கரி. சரி. நியாயமாப் பாத்தா, இருநூத்தி முப்பத்தொம்பது பேர் போட்டாச்சு, மிச்சம் ஒருத்தி... போச்சு, நானே பதில் சொல்லி வெச்சிருக்கேனே. மொதல்ல நீங்க போட்டுக்குங்க சிஸ்டர், அப்புறம்... உங்களுக்கு வயசு இருபத்தி நாலா. அதுவும் போச்சு.

சரி. இந்தாங்க, ஜாக்கெட் கையை மடிச்சுட்டேன். இந்தக் கைதான். கண்ணை மூடிக்கறேன். நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்க கண்டுக்காதீங்க. சூப்பர்வைசர் வந்து என்ன கேப்பாருன்னு ஒத்திகை பாத்துக்கறேன். "என்னம்மா இது, வேலி காக்கறவளே வேலி தாண்டிட்டியா?" ஆமாங்கய்யா. "உனக்கு வெக்கமா இல்ல?" இருக்குங்கய்யா, ஆனா பயம் அதை விட ரெண்டு விரக்கடை உசரமுங்கய்யா. "இருபத்தோரு வருஷமா எப்படிம்மா சமாளிச்சே?" அதை மட்டும் கேக்காதீங்கய்யா, அதுக்குத் தனியா ஒரு ரிஜிஸ்டர் போடணும். ஒரு வருஷம் சளின்னேன், ஒரு வருஷம் ஊர்ல இல்லேன்னேன், ஒரு வருஷம் பழைய சிஸ்டர்கிட்ட புது சிஸ்டர் போட்டாங்கன்னும் புது சிஸ்டர்கிட்ட பழைய சிஸ்டர் போட்டாங்கன்னும்... "அடேங்கப்பா"ம்பாரு. அப்போ அந்த ஈ மூக்கை விட்டு வெளிய வந்துடும். சிரிச்சாருன்னா தப்பிச்சேன். சிரிக்கலேன்னா அந்தப் படத்தைக் காட்டி, யாரும் விடுபடக் கூடாதுன்னு போட்டிருக்குங்கய்யா, நான் வரிசையில கடைசி, அவ்வளவுதான், ஆனா வந்துட்டேன்னு சொல்லுவேன். இருக்கட்டும், நீங்க எப்போ குத்தப் போறீங்கன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க சிஸ்டர். ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிட்டுக் குத்துங்க. சொல்லாமக் குத்தினா நான் கத்திடுவேன், கத்தினா வாசல்ல இருக்கற கூட்டமெல்லாம் உள்ள வந்துடும், அந்தத் தையல்காரி போதும் எனக்கு, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா... சிஸ்டர்? எண்ணுங்களேன். நானே எண்ணட்டுமா?

சிஸ்டர்?

எங்க போனாங்க இவங்க? குழாயில தண்ணி ஓடற சத்தம் கேக்குது. பெட்டி காலியா இருக்கு. ரிஜிஸ்டர்ல முதல் வரில சிவப்பு டிக்கை அடிச்சுட்டு, பக்கத்துல நீலத்துல புதுசா ஒண்ணு, இன்னைக்குத் தேதி போட்டு... இந்தப் பஞ்சை யாரு என் கையில ஒட்டினது?

போட்டாச்சா? எப்போ? சளின்னு சொன்னப்பவா, ஈ வெளிய வந்தப்பவா?

நல்லாயிருக்கு நியாயம். இத்தனை வருஷமா படி ஏறி ஏறி, "வலிக்காதுங்க, சத்தியமா வலிக்காது"ன்னு தெரியாமயே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்காவது நிஜமாத் தெரிஞ்சுக்கிட்டு, நாளைல இருந்து நெஞ்சை நிமித்திச் சொல்லலாம்னு பாத்தா, பேசின பேச்சுல கவனிக்காம விட்டுட்டேனே. சிஸ்டர்... கை கழுவினது போதும், இங்க ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க, உள்ளதைச் சொல்லுங்க. எனக்கு வலிச்சுதா?