அவளுக்காக ஒரு டீச்சர்

— மூணு தடவை சீட்டு எழுதி அனுப்பினேன் சார். சாயங்காலம் உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போக வர்ற உங்க அக்கா கைலதான் கொடுத்தேன்.

— கொடுத்தாங்க டீச்சர். படிச்சேன்.

— ஆனா வரலை.

— லிஃப்ட் வேலைங்க. பதினாலு மாடிக் கட்டடம் ஒண்ணு, வாரத்துல நாலு நாள் நடுவுலயே நின்னுடுது. உள்ளே மாட்டினவங்க கத்துவாங்க. அவங்களை விட்டுட்டு எப்படி… இல்ல, சும்மா சொல்றேன். வந்திருக்கலாம். வரலை. அவ்ளோதான்.

— ஹெட்மிஸ்ட்ரஸ் உங்களைப் பத்தி வேற மாதிரி சொன்னாங்களே. நான் சேர்ந்த அன்னைக்கே, ‘லிஃப்ட்காரர் வந்தார்னா நாற்காலியை எல்லாம் எடுத்து உள்ளே போட்டுடுங்க, உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டார்’னாங்க.

— சொல்லுவாங்க. நாலு வருஷம் அவங்க உயிரை வாங்கியிருக்கேன். பெற்றோர் கூட்டம்னா நூத்தம்பது வீட்டுக்கு நோட்டீஸ் போகும், ஆறு பேர் வருவாங்க. அதுல அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். வாட்ச்மேன் வந்து ஃபேனை நிறுத்துவார். அப்பவும் உட்கார்ந்திருப்பேன்.

— இப்ப நான் வந்து மூணு மாசம் ஆச்சு. இந்த வாசல் பக்கமே நீங்க எட்டிப் பார்க்கலை.

— இந்த ரூம் நல்லா இருக்கு டீச்சர். முன்னே உடைஞ்ச பெஞ்சு அடைச்சு வெச்சிருந்தாங்க. ஜன்னலே இல்லாத ரூம்னு நினைச்சேன்.

— பெஞ்சுக்குப் பின்னாடி இருந்துது. ஏழு பிள்ளைங்க இப்ப இங்கே படிக்கறாங்க. ஒருத்தன் ரெண்டு பஸ் மாறி வர்றான். எல்லாம் உங்களால வந்தது சார்.

— அப்படியா.

— அவ்ளோதானா? ‘அப்படியா’தானா?

— என்ன சொல்றது டீச்சர்? ஆர்டர் வந்த அன்னைக்கு மெஷின் ரூம்ல இருந்தேன். அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாங்க. பிரிச்சுப் படிச்சேன். ‘சைகை மொழி ஆசிரியை ஒருவர் நியமிக்கப்படுகிறார்’னு இருந்துது. இன்னொரு தடவை படிச்சேன். ஸ்பேனரைக் கீழே வெச்சேன், கையைக் கழுவினேன். சந்தோஷம் வரும்னு பார்த்தேன். பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நின்னு பார்த்தேன். வரலை. வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தேன்.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறமும் ஒண்ணுமில்லை. கை மரத்துப் போகும் பாருங்க, ஊசி குத்தினாக்கூடத் தெரியாது. அப்படித்தான் இருக்கேன். பொண்ணு எங்கே?

— ஜன்னல்கிட்ட வரைஞ்சுட்டிருக்கா. நீங்க உள்ளே வந்ததுமே பார்த்துட்டா.

— பார்த்துட்டு ஏன் வரலை?

— நீங்க யார்கிட்டயாவது பேசிட்டிருந்தா தள்ளி நிக்கணும்னு அவளுக்குப் பழகிப்போயிருக்கு. கூப்பிட்டாத்தான் வருவா. அவளைப் பத்தித்தான் ஒண்ணு கேக்கணும். அந்த ஆபீஸ்களுக்கெல்லாம் இவளையும் கூட்டிட்டுப் போவீங்களா?

— எல்லா இடத்துக்கும். மனுவை வாங்கி ஓரமா வெச்சுடுவாங்க டீச்சர். பிள்ளையை ஓரமா வெக்க முடியாதுல்ல? குளிப்பாட்டி, தலை வாரி, இருக்கறதுலயே நல்ல சட்டையாப் போட்டுக் கூட்டிட்டுப் போவேன். வட்டார ஆபீஸ், மாவட்ட ஆபீஸ், அதுக்கு மேல இருக்கிற ஆபீஸ். ஒரே வருஷத்துல பதினொரு தடவை போயிருக்கோம்.

— அங்கே போய் என்ன பண்ணுவீங்க? கொஞ்சம் செஞ்சு காட்டுங்க.

— செஞ்சு காட்டறதா? என்னத்தை… தோளைப் பிடிச்சு முன்னால நிறுத்துவேன். இப்படி. அப்புறம் ரெண்டு கையையும் நீட்டி, ‘ஐயா, இந்தப் பிள்ளையைப் பாருங்க, இவளுக்கு ஒரு வழி பண்ணுங்க’ம்பேன்.

— அவங்க?

— தலையை ஆட்டுவாங்க, கையை விரிப்பாங்க. சில பேர் நிமிர்ந்தே பார்க்க மாட்டாங்க. நான் சத்தம் போடுவேன். அவங்களும் போடுவாங்க. கடைசியில இவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளியே வந்துடுவேன்.

— வெளியே வந்து?

— வீட்டுக்குத்தான். பஸ்ல இவளை ஜன்னல் ஓரமா உட்கார வெப்பேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். நல்லவேளை, இவளுக்கு ஒண்ணும் காதுல விழலைன்னு நினைச்சுப்பேன்.

— ஏன் சார், அந்த ஆபீஸ்ல எல்லாம் என்னதான் பதில் சொன்னாங்க?

— ஒரே பதில்தான். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு விடுதியோட பள்ளிக்கூடம் இருக்கு, அங்கே சேர்த்துடுங்கன்னாங்க. ரயில்ல எட்டு மணி நேரம். வருஷத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பார்க்கலாமாம். ஒருத்தர் ஃபாரத்தையே எடுத்து நீட்டினார், பேனாவோட. அங்கேயே கிழிச்சுப் போட்டேன்.

— அங்கே நல்லா சொல்லிக் கொடுப்பாங்களே சார். நானே அங்கே படிச்சவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்.

— கொடுக்கட்டுமே. இவ அம்மா இவளுக்கு நாலு வயசுல போயிட்டா டீச்சர். சாகலை. போயிட்டா. பை எடுத்துக்கிட்டுப் போனவ, இவகிட்ட கையைக் காட்டிட்டுத்தான் போனா. இவளும் காட்டினா. ரெண்டு மாசம் வாசல்லயே நின்னா இந்தப் பிள்ளை. அதைப் பார்த்தவன் நான். இவளை ஒரு விடுதியில தள்ளிட்டு நான் ரயில் ஏறுவேனா? என் பிள்ளை ராத்திரி என் வீட்லதான் தூங்கணும். படிப்பு வேணும்னா அதுவா இங்கே நடந்து வரட்டும். அதுக்குத்தான் நாலு வருஷம் நாயா அலைஞ்சேன்.

— இதை அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?

— எப்படிங்க சொல்றது? சாப்பிடு, வா, தூங்கு, வேண்டாம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அவ்ளோதான். இதுல விடுதிங்கறதை எங்கே போய்க் காட்டுவேன்?

— அவ ஒரு கேள்வி கேக்கறா சார். பத்து நாளா கேக்கறா. முதல்ல நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சு, வரையச் சொன்னேன். வரைஞ்சும் அதையேதான் கேட்டா. அதுக்கப்புறம்தான் சீட்டுக்கு மேல சீட்டா அனுப்பினேன்.

— என்ன கேக்கறா? செருப்பா? கலர் பென்சிலா?

— அவளே உங்களைக் கேக்கட்டும். கூப்பிடறேன். அவ கையைப் பார்த்து நான் அப்படியே சொல்றேன், கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.

— வா கண்ணு, வா. அப்பாகிட்ட வா. ஏன் டீச்சர் அங்கேயே நிக்கறா?

— அங்கே நின்னாத்தான் கை முழுசாத் தெரியும். இதோ, ஆரம்பிச்சுட்டா. ‘அப்பா, நான். ஆபீஸ், ஆபீஸ், ஆபீஸ்.’

— இவ்ளோ வேகமா ஆட்டறாளே!

— ஒன்பது வயசு வரைக்கும் சேர்த்து வெச்சது சார். ‘கண்ணாடிக்காரர், வேண்டாம்னார். மீசைக்காரர், வேண்டாம்னார். காபி குடிச்ச அம்மா, பார்க்கவே இல்லை.’

— அடேங்கப்பா. எல்லாரையும் ஞாபகம் வெச்சிருக்கா பாருங்க! ஆமாம்மா, ஒருத்தனும் ஒத்துக்கலை.

— ‘நான் அசையாம நின்னேன். சிரிச்சேன். பல்லைக் காட்டினேன். அப்பவும் வேண்டாம்னாங்க. அப்பாவுக்குக் கோவம்.’

— கோவம் உன்மேல இல்லடா. டீச்சர், அதைச் சொல்லுங்க, உன்மேல இல்லைன்னு.

— சொல்றேன். முதல்ல அவ முடிக்கட்டும். ‘அப்புறம் இந்த ரூம். டீச்சர் சரின்னாங்க.’

— ஆமா, கடைசியில சரின்னுட்டாங்க. எல்லாம் சரியாத்தானே சொல்றா? இதுல கேள்வி எங்கே இருக்கு?

— இப்பதான் கேக்கறா.

— மூஞ்சியில ஒண்ணுமே இல்லையே டீச்சர். அழறாளா, கோவப்படறாளா, ஒண்ணும் தெரியலையே.

— பத்து நாளா இப்படியேதான் கேக்கறா சார். அழறதில்லை.

— சரி, சொல்லுங்க.

— ‘டீச்சர்தான் என்னை வாங்கிக்கிட்டாங்களே. அப்புறம் ஏன் இன்னும் தினமும் சாயங்காலம் அத்தையை அனுப்பி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கறீங்க?’