உருவம் தேய்ந்த வெள்ளி

நாணயக் காட்சிக்கூடத்தின் நாவாக விளங்கியவரே! பள்ளிப் பிள்ளைகள் பாசத்தோடு 'ரூபாய் அக்கா' என்று பெயர் சூட்டிய பெருந்தகையே! எங்கள் மூத்த வழிகாட்டியே! வணக்கம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வாயடைத்துக் கிடந்த காசுகளைப் பேச வைத்தவர் நீங்கள். அலுத்துச் சலித்து வரும் பிள்ளைகளை உட்காரவைத்து, "டேய், சட்டைப்பையில ரூபாய் வச்சிருக்கியே, அதுக்கு ஏன் அந்தப் பேருன்னு தெரியுமா?" என்று தொடங்குவீர்கள். ரூபம் என்றால் உருவம். உருவம் பொறித்த வெள்ளி ரூப்யம். அதுவே வாய்க்கு வாய் மாறி ரூபாய் ஆனது என்பீர்கள். பிறகு, முகமும் எழுத்தும் மழுங்கிப்போன ஒரு பழைய வெள்ளிக்காசை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைப்பீர்கள்.

"உருவம் போயிடுச்சு. இப்ப இது ரூபாயா, வெறும் வெள்ளியா?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். "அடுத்த பள்ளிக்கூடம் வாசல்ல நிக்குது, சீக்கிரம்க்கா!" என்று டிக்கெட் கொடுப்பவர் கத்துவார். "பிள்ளை யோசிக்குதுல்ல? இரு தம்பி, உன் டிக்கெட்டுக்கு என்ன றெக்கையா முளைச்சிருக்கு?" என்பீர்கள்.

அந்தக் குரலைத்தான் தொண்டைப் புற்று கொண்டுபோனது.

அறுவை சிகிச்சைக்கு முன்பு, கம்மிய குரலில் கதை முழுவதையும் ஒலிப்பதிவு செய்து கொடுத்தீர்கள். கேள்விக்குப் பின் நீண்ட மௌனம் விட்டிருந்தீர்கள். பதிவைச் சீர்செய்தவர்கள் அதை வெற்றிடம் என்று வெட்டிவிட்டார்கள். இன்று பிள்ளைகள் காதில் மாட்டி அந்தப் பதிவைக் கேட்கும் கருவி, கேள்வி கேட்ட மூச்சிலேயே அடுத்த பெட்டிக்குப் போகச் சொல்கிறது. அந்தத் தேய்ந்த காசும் கண்ணாடிக்குள் போய்விட்டது.

"பேச மாட்டேன். பக்கத்தில் நிற்கிறேன். பிள்ளைகள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்" என்று சிலேட்டில் எழுதி மேலதிகாரியிடம் நீட்டினீர்கள். "பேசாத வழிகாட்டி எதுக்கும்மா?" என்றார். நாங்கள் கெஞ்சியதும் எடுபடவில்லை. பணிக்காலம் மீதமிருக்க, ஓய்வு ஆணை வந்தது.

நேற்று ஒரு சிறுமி கருவியைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "ரூபாய்தான்க்கா. முன்னாடி உருவம் இருந்துச்சுல்ல?"

சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். நீங்கள் வீட்டில் இருந்தீர்கள்.

பொன்னாடையும் பூமாலையும் இந்தக் குறையைத் தீர்க்காது என்று அறிவோம். அறிந்தும், வேறு கொடுக்க வழியில்லாமல், நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள் என்று வாழ்த்துகிறோம். அந்தச் சிறுமியின் பதிலை உங்களிடம் சேர்க்கவே இந்த மடல். சரியா, தவறா என்று சொல்ல அங்கே எவரும் இல்லை, அக்கா.

கலங்கிய கண்களோடு,
காட்சிக்கூடப் பணியாளர்கள்